ரொஹானா மிஸ்ஸியும் என் இடது காலும்

நோயாளி உத்தியோகத்துக்குப் படிப்பும் வேண்டாம், சிபாரிசும் வேண்டாம். இனிப்பு நீர் என்கிற சர்க்கரை வியாதி ஒன்று இருந்தால் போதும், கட்டிலும் சட்டையும் கொடுத்துப் படுக்க வைத்துவிடுவார்கள். பால்மரத் தோட்டத்தில் மண்டோராக, அதாவது கங்காணியாக, இருந்து ஓய்ந்த பிறகு எனக்குக் கிடைத்த இரண்டாவது வேலை இது. உடன் உத்தியோகம் பார்க்கும் இனிப்பு நீர்க்காரர்களே, காலை நீட்டி உட்கார்ந்து கேளுங்கள்.

வழிவிட்ட நெருப்பு

லாபு பக்கம் எங்கள் தோட்டத்து அம்மன் கோயில் திருவிழாவில் தீ மிதித்தேன். இளவட்டமாக இருந்தபோதெல்லாம் ஓட்டமாக ஓடித்தான் கரையேறியிருக்கிறேன். இந்த முறை துளிகூடச் சுடவில்லை. நடுக்குழியில் நின்று, நெகிழ்ந்த வேட்டியை இறுக்கிக் கட்டி, எதிரே நின்ற சம்பந்தியிடம் நலம் விசாரித்துவிட்டுத்தான் இறங்கினேன். ஜனங்கள் என் காலில் விழுந்தார்கள். விழுந்தவர்களில் ஒருவராவது அந்தப் பாதத்தைத் திருப்பிப் பார்த்திருக்கலாம். நானும் பார்க்கவில்லை. கொப்புளம் உடைந்து, புண் கறுத்து, வீடெல்லாம் நாறிய பிறகுதான் மகன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான்.

பக்கத்துக் கட்டிலில் முனியாண்டி. மந்தின் ஊர்க்காரர், லோரி ஓட்டியவர். இதே வியாதிக்கு வலது காலை முழங்காலுக்குக் கீழே கொடுத்துவிட்டுப் படுத்திருந்தார். "அம்மன் அருளால நெருப்பு ரெண்டு பக்கமும் ஒதுங்கி வழிவிட்டுச்சு" என்று அவரிடம் சொன்னேன். அவர் என் பாதத்தை நன்றாகப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "வழிவிட்ட நெருப்பு, அண்ணே, காலை ஏன் கடிச்சு வெச்சிருக்கு?"

செருப்பு ஒப்பந்தம்

டாக்டர் சின்னப் பையன். ஆனால் பேச்சில் வளைவு நெளிவு கிடையாது. சுண்டு விரலை அன்றைக்கே எடுத்துவிட்டார். "கறுப்பு இன்னும் மேலே ஏறினால் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதுதான். வெள்ளிக்கிழமை பார்த்து முடிவு செய்வோம்" என்றார்.

முனியாண்டி தன் கட்டிலுக்கடியில் எட்டிப் பார்த்தார். அங்கே ஒற்றைச் செருப்பு. அதையும் என் செருப்பு ஜோடியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஆறுதல் சொன்னார்: "ஒண்ணும் கவலப்படாதீங்கண்ணே, ரெண்டு பேருக்கும் ஒரே அளவு. உங்க எடது செருப்ப எனக்குக் குடுத்துடுங்க, வூட்ல கெடக்கற என் வலது செருப்ப நீங்க எடுத்துக்கங்க."

வேலிக்கு அந்தப் பக்கம்

கட்டுப் பிரிக்க வந்த மிஸ்ஸி, அதாவது நர்ஸ், ஒரு மலாய்க்கார அம்மா. புண்ணைச் சுரண்ட ஆரம்பித்தார். எனக்கு வலி இல்லை. வாய் மட்டும் சும்மா இருக்குமா? "பாருங்க முனியாண்டி, மொத நாள் பால் வெட்ட வந்தவ மாதிரி சீவுறா. பட்டையை விட்டு மரத்துலயே கத்தி வைக்கப்போறா" என்றேன்.

மிஸ்ஸி தலை நிமிரவில்லை. கையும் நிற்கவில்லை. சுத்தமான தோட்டத்துத் தமிழில் பதில் வந்தது: "சின்ன வயசுல எங்க வீட்டுக்கும் தோட்டத்து லயத்து வீடுங்களுக்கும் நடுவுல ஒரே ஒரு வேலிதான் தாத்தா. என்னைத் திட்டணும்னா சீனத்துல திட்டுங்க லா."

வளர்ந்த பாம்பு

அவர் பெயர் ரொஹானா. என் புண் நாற்றம் எனக்கே பொறுக்காது. பார்க்க வந்த மகன் ஜன்னலோரமே நின்றான். மருமகள் வாசலைத் தாண்டவில்லை. இந்த அம்மா பாதத்தை மடியில் துணி விரித்து வைத்துக்கொண்டு, கைக்குழந்தையைக் குளிப்பாட்டுவதுபோல் கழுவினார். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. கூச்சத்தில் நான் காலை இழுத்துக்கொண்டால், "அப்புறம் அந்தப் பாம்பு என்னாச்சு தாத்தா?" என்பார். அவ்வளவுதான், காலை மறந்து கதைக்குப் போய்விடுவேன். தோட்டத்தில் நான் ஒற்றைக் கையால் பிடித்த மலைப்பாம்பின் கதை அது. அவர் கேட்டுக்கொண்டே சுரண்டுவார், துடைப்பார், கட்டுவார்.

சும்மா கேட்கிறார் என்று நினைத்தேன். ஒரு நாள் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "நேத்து பாம்பு ஒங்க கை தடிப்புன்னீங்க, இன்னிக்குப் பால்மரத் தடிப்புங்கிறீங்க. புண்ணு ஆறுதோ இல்லையோ, பாம்பு நல்லா தேறிடுச்சு."

கண்ணை மூடுங்க

வியாழக்கிழமை மிஸ்ஸி, நுனியில் நைலான் இழை வைத்த ஒரு மெல்லிய குச்சியோடு வந்தார். "கண்ண மூடிக்குங்க. பாதத்துல தொடுவேன், தெரிஞ்சா சொல்லுங்க." உணர்ச்சி இல்லாத காலை வெட்டிவிடுவார்கள் என்று நானாகவே முடிவு கட்டியிருந்தேன். அதனால் விட்டுக் கொடுக்கவில்லை. "தெரியுது... இப்பவும் தெரியுது... கூசுது மிஸ்ஸி, மெதுவா!" என்று நெளிந்துகூடக் காட்டினேன்.

கண்ணைத் திறந்தேன். மிஸ்ஸி இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்திருந்தார். முனியாண்டிக்குக் கேட்காதபடி சொன்னார்: "தாத்தா, நான் இன்னும் தொடவே இல்ல."

அம்மன் அருள்

அப்போதுதான் பூக்குழி சுடாத காரணம் எனக்கு உறைத்தது. "அப்போ அன்னிக்கு அது அம்மன் அருள் இல்லியா?" என்று கேட்டேன். மிஸ்ஸி தன் கைப்பையிலிருந்து முகம் பார்க்கும் சின்னக் கண்ணாடியை எடுத்து, என் பாதத்துக்கு அடியில் பிடித்துக் காட்டினார். அந்த உள்ளங்காலை நான் பார்த்து எத்தனை வருஷமோ!

பிறகு கண்ணாடியை என் கையில் வைத்து விரல்களை மூடினார். "சாமி விஷயம் எனக்குத் தெரியாது தாத்தா. ஒங்க காலு வாய மூடிக்கிச்சு, அதுக்கு வலிச்சா சொல்லத் தெரியாது. இனிமே தெனம் நீங்கதான் பாத்து விசாரிக்கணும்."

வெள்ளிக்கிழமை

டாக்டர் வந்தார். மிஸ்ஸி கட்டைப் பிரித்தார். நான் கூரையைப் பார்த்துக்கொண்டு தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டேன். டாக்டர் புண்ணின் ஓரத்தை லேசாகச் சுரண்ட, பளிச்சென்று சிவப்பாக ரத்தம் கசிந்தது. பட்டுப்போனது என்று ஒதுக்கிய மரத்தில் பால் வடிந்ததுபோல் இருந்தது. "கறுப்பு ஏறவில்லை. கால் இருக்கட்டும்" என்றார் டாக்டர். மிஸ்ஸி முகத்தைத் திருப்பிக்கொண்டு பஞ்சு தேடினார். பஞ்சு அவர் கையிலேயே இருந்தது. நான் தேடவெல்லாம் இல்லை, வாய்விட்டு அழுதேன்.

முனியாண்டி, முன்கூட்டியே தன் பக்கம் எடுத்து வைத்திருந்த என் இடது செருப்பைக் கைத்தடியால் என் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டார். "நீங்களே போட்டு நடங்கண்ணே, எனக்கு இருக்கற ஒத்தையே போதும்."

நட்சத்திரம்

இந்த வருஷத் திருவிழாவில் நான் பூக்குழி பக்கம் போகவில்லை. மிஸ்ஸி பெயரில் ஒரு அர்ச்சனை செய்யச் சொன்னேன். "நட்சத்திரம்?" என்றார் பூசாரி. அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது நேராக வார்டுக்குப் போய் மிஸ்ஸியிடமே கேட்டேன். காரணத்தைச் சொன்னதும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு வழக்கம்போலக் குனிந்து, என் செருப்பைக் கழற்றி, பாதத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"எங்களுக்கு நட்சத்திரமெல்லாம் கெடையாது தாத்தா. வீட்டுக்குள்ளயும் செருப்பு போட்டு நடங்க, அதுதான் எனக்கு அர்ச்சனை லா."

வாழ்க்கையில் பார்த்த எல்லாவற்றையும் ஒன்றுக்குப் பத்தாக்கிச் சொல்லியே பழகிய எனக்கு, கூட்டிச் சொல்ல இடமில்லாமல் போனது அந்த அம்மா விஷயத்தில் மட்டும்தான்.