தொட்டிக்குள் இருந்த ஒரு முழக் குழாய்

எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் முந்தானையைத் திருகிக்கொண்டு நிற்பேன். இப்படிப்பட்டவள் எழுத உட்காரலாமா என்று கேட்டால், மன்னித்துவிடுங்கள் என்றுதான் சொல்ல முடியும். அன்றைக்கு அந்த இடத்தில் வாயைத் திறந்திருந்தால் இன்றைக்கு இந்தத் தாள் தேவைப்பட்டிருக்காது.

மஞ்சூரிலிருந்து இறங்கும் பஸ் எங்களை விட்டுப்போகும் இடத்தில் பெயர்ப்பலகை கிடையாது. ரோட்டை ஒட்டிச் சில கடைகள், வீடுகள்; அது மேல் வீதி. தேயிலைச் சரிவுக்குள் இறங்கினால் ஒரே தகரக் கூரையின் கீழ் வரிசையாகப் பதினான்கு வீடுகள். அது எங்கள் லைன். இரண்டுக்கும் மேலே, கற்பூர மரம் என்று நாங்கள் சொல்லும் யூகலிப்டஸ் மரங்களுக்கு நடுவில் சிமெண்ட் தொட்டி. ஊற்றுத் தண்ணீர் அதில் வந்து விழும். தொட்டியின் அடியில் இரண்டு குழாய்கள். ஒன்று மேல் வீதிக்கு, ஒன்று எங்களுக்கு.

தை மாதக் கடைசியில் தொட்டி கழுவுவோம். வீட்டுக்கு ஒரு ஆள் வர வேண்டும். தொட்டியின் வாய் குறுகல். நான் ஒல்லி. அதனால் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து உள்ளே இறங்குவது நான்தான். வெளியே இருப்பவர்கள் கயிற்றில் வாளி விடுவார்கள், நான் சேற்றை அள்ளி நிரப்புவேன். கழுவி முடித்ததும், உள்ளே இருந்தவர் ‘உள்ள ஒண்ணுமில்லீங்க’ என்று மூன்று முறை கத்த வேண்டும். ஒரு காலத்தில் யாரோ துடைப்பத்தை உள்ளேயே மறந்துவிட்டு வர, அது குழாயை அடைத்துக்கொண்டதாம். அதிலிருந்து இந்த வழக்கம். மூன்று முறை கேட்ட பிறகுதான் கற்பூரம் கொளுத்தி, ஊற்றைத் திருப்பிவிடுவார்கள்.

போன வருடம் கழுவவில்லை. ஊற்று குறைந்துவிட்டது, காலி செய்தால் மறுபடி நிரம்பாது என்று தொட்டியைப் பார்த்துக்கொள்கிறவர் சொன்னார். மேல் வீதியில் மளிகைக்கடை வைத்திருப்பவர். தேயிலைத் தோட்டமும் உண்டு. எங்கள் லைனில் பாதிப் பேர் அவருக்குத்தான் கொழுந்து எடுக்கிறோம்.

அந்தக் கோடையில் எங்கள் குழாய் நின்றுபோனது. மேல் வீதிக்கு வந்துகொண்டிருந்தது. அவர்கள் தொட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறார்கள், அதனால் வருகிறது என்று நாங்களே காரணம் சொல்லிக்கொண்டோம். ஒருவரும் மேலே ஏறிப் பார்க்கவில்லை. ஓடையில் தண்ணீர் மொண்டு சரிவில் ஏறினோம். ஒரு விடியற்காலை என் வீட்டுக்காரர் இரண்டு கேன்களோடு ஏறும்போது வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு உடைந்தது. இப்போது கைத்தடியோடு நடக்கிறார். தேயிலை பேக்டரியில் பார்த்துக்கொண்டிருந்த வேலை போய்விட்டது.

இந்த வருடம் கழுவக் கூப்பிட்டார்கள். போனேன்.

“இவிங்க மட்டும் ஒரு வருசம் குண்டாயிட்டா, தொட்டிய ஒடச்சுத்தான் கழுவோணும்” என்றார் மேல் வீதிக்காரர் ஒருவர்.

“நாள் பூரா காட்டுல ஏறி எறங்கறவ எங்கீங்க குண்டாவறா?” என்றாள் என் பக்கத்து வீட்டுக்காரி. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே இறங்கினேன்.

முழங்கால் வரை சேறு. கற்பூர இலை மக்கிய நாற்றம். சேறு குறையக் குறைய இரண்டு குழாய்களும் தெரிந்தன. மேல் வீதிக் குழாய் தரையோடு தரையாக, முன்பு போலவே இருந்தது. எங்கள் குழாயின் வாயில் ஒரு வளைவு மாட்டி, அதில் ஒரு முழ நீளத்துக்குப் பிளாஸ்டிக் குழாயை மேல்நோக்கிச் செருகியிருந்தார்கள். போன முறை நான் கழுவியபோது அது அங்கே இல்லை.

எனக்கு அதிகம் படிப்பில்லை, ஆனால் தண்ணீர் தெரியும். தொட்டியில் ஒரு முழத்துக்குக் கீழே தண்ணீர் இறங்கினால் எங்களுக்கு ஒரு சொட்டும் வராது. மிச்சம் எல்லாம் மேல் வீதிக்கு. கோடையில் தொட்டி எப்போதும் ஒரு முழத்துக்குக் கீழேதான் இருக்கும்.

பசை போடாமல்தான் செருகியிருந்தார்கள். இழுத்தேன், வந்துவிட்டது. ஏணியில் பாதி ஏறி அதைத் தொட்டியின் மேல் எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்தேன்.

“அத ஏன் அம்மிணி புடுங்குனீங்க?” என்றார் மளிகைக்கடைக்காரர்.

“எங்க கொழாயில இருந்துச்சுங்க.”

“நாந்தான் ஆள எறக்கி வெச்சேன். கலங்கலா வருது, மண்ணு வருதுன்னு உங்க லைன்லதான சொன்னாங்க? அடி மண்ணு உங்களுக்கு வராம இருக்கட்டும்னு வெச்சது.”

“ஆமாங்க, நாந்தான் சொன்னேன்” என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. அவள் பொய் சொல்லவில்லை. உண்மையிலேயே சொல்லியிருந்தாள்.

“தூள் போடாமயே டீ மாதிரில்ல வந்துச்சு” என்றார் எங்கள் லைன் ஆள் ஒருவர். மறுபடி சிரிப்பு.

அவர்களில் யாருக்கும் புரியவில்லையா, புரிந்தும் நாளைக்குக் கொழுந்து எடுக்கப் போக வேண்டுமே என்று சிரித்தார்களா, எனக்கு இன்றுவரை தெரியாது. கடைசியில் கேட்டேன்.

“மேல் வீதிக்கு மண்ணு வராதுங்களா?”

குரல் எழும்பவில்லை. ஆனால் தொட்டி வாயருகே குனிந்து நின்ற அவருக்குக் கேட்டது. முகம் மாறாமல் என்னைப் பார்த்தார்.

“ஏனுங் அம்மிணி, ஊட்டுக்காரருக்கு இப்ப இடுப்பு தேவலைங்களா?”

“பரவால்லீங்க.”

“பாத்துக்கங்க” என்று சொல்லி, குழாயை எடுத்து என் கையில் கொடுத்தார். “மெதுவாச் செருகுங்க, ஒடஞ்சரப் போவுது.”

இறங்கினேன். உள்ளே இருட்டு. யாரும் எட்டிப் பார்க்கவில்லை. லேசாக வைத்துவிட்டு வந்திருக்கலாம், தண்ணீர் விழும் வேகத்தில் தானாகவே கழன்றிருக்கும். அந்த நினைப்பு வந்தது. வந்தும், இரண்டு கையாலும் அழுத்தி, திருகி, இறுக்கமாகச் செருகினேன். அவருக்குப் பயந்து செய்தேன் என்று சொல்லித் தப்பிக்கலாம். கொடுத்த வேலையைச் சரியாகச் செய்யும் பழக்கத்தில் கையே செய்துவிட்டது என்பதுதான் உண்மை. அவரை விட என் கையின் மேல்தான் எனக்கு ஆத்திரம்.

சுவரைத் தேய்த்தேன். பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவினேன். வாளி, துடைப்பம் எல்லாம் மேலே போனதும் அவர் கேட்டார், “ஆச்சுங்களா?”

“உள்ள ஒண்ணுமில்லீங்க.”

சத்தமாகச் சொல்லச் சொன்னார்கள். இன்னும் இரண்டு முறை சத்தமாகச் சொன்னேன்.

மேலே வந்ததும் டீயும் பன்னும் கொடுத்தார்கள். உள்ளே இறங்கியவளுக்கு எப்போதும் இரண்டு பன். ஒன்றை வீட்டுக்காரருக்காகத் தாளில் சுற்றிக்கொண்டேன்.

“தண்ணி எப்ப வருமாம்?” என்று வீட்டில் கேட்டார் வீட்டுக்காரர், பன்னைப் பிட்டுக்கொண்டே.

“நாளைக்கு” என்றேன். குழாயைப் பற்றிச் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் மேல் வீதிக்குத் தண்ணீர் வந்தது. எங்கள் லைனுக்குச் சாயங்காலம் வந்தது. மண் இல்லாமல் தெளிவாக இருந்தது.