ஜன்னல் திறக்க முடியாத கப்பல்

இந்த ஊரில் காற்றையும் மாற்றுகிறார்கள். வெளியே பனி கொட்டினாலும் சரி, நேரமானதும் யாராவது எழுந்து அறையின் எல்லா ஜன்னல்களையும் அகலத் திறந்துவிடுவார்கள். லுஃப்டன் என்று அதற்குப் பெயர். பழைய காற்று போய்ப் புதுக் காற்று வர வேண்டுமாம். அதுவரை எல்லோரும் கோட்டை மாட்டிக்கொண்டு, ஒன்றுமே நடக்காததுபோல் பேசிக்கொண்டிருப்பார்கள். பிறகு எதற்கு ஹீட்டர் என்று ஜெர்மனிக்கு வந்த புதிதில் நினைத்ததுண்டு. எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் காற்றை யாரும் அழைத்துவர வேண்டியதில்லை. ஆடி பிறந்தால் கதவைச் சாத்தத்தான் ஆள் வேண்டும்.

வேலைக்கு ஜெர்மன் மொழி பழக வேண்டும் என்று நூலகத்தின் லேஸெக்ரைஸில், அதாவது புத்தக வட்டத்தில், சேர்ந்திருக்கிறேன். போன வியாழக்கிழமை ஒரு விண்வெளி நாவலைப் பேசினோம். சிலர் ஒரு கப்பலில் தூரத்துக் கோளுக்குப் போகிறார்கள். வழியில் ஓர் இடம் வருகிறது. அதைத் தாண்டிவிட்டால் திரும்பி வர எரிபொருள் போதாது. தாண்டிய பிறகு, கப்பலில் இருக்கும் ஒரு பெண் தன் அப்பா அனுப்பிய செய்திக்குப் பதில் எழுதுகிறாள். அந்தச் செய்தி வந்து சேர்வதற்குள்ளேயே அவர் இறந்துவிட்டார் என்பது அவளுக்குத் தெரியாது.

வட்டத்தை நடத்துகிற இங்க்ரிட் அம்மையார் ஓய்வுபெற்ற ஆசிரியை. "போய்க்கொண்டே இருப்பதுதான் மனித இயல்பு. கடலைத் தாண்டினோம், இனி வானத்தைத் தாண்டுவோம்" என்றார். முன்பு பஸ் ஓட்டியவரான மன்ஃபிரெட் ஒத்துக்கொள்ளவில்லை. "அவளாகக் கேட்டு ஏறினாள். ஏறிய பிறகு அழுதால் எப்படி? என் பஸ்ஸில் இப்படி நிறையப் பேரைப் பார்த்திருக்கிறேன்." எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு உறுத்தியது வேறு. போகிறவர்களைப் பற்றி அந்தப் புத்தகத்தில் பக்கம் பக்கமாக இருந்தது. போ என்று சொன்னவர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

என்னைப் போகச் சொன்னது அத்தா, என் அப்பா. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய்ப் படித்து முடித்த முதல் ஆள் நான். உத்தமபாளையம் பக்கம் குத்தகைத் திராட்சைத் தோட்டத்தில் அத்தாவுக்கு வேலை. பந்தலுக்கு அடியில் குனிந்தே நடந்து பழகி, ரோட்டிலும் தலையைத் தாழ்த்தித்தான் நடப்பார். மேற்கே கேரள மலை, கிழக்கே மேகமலை, நடுவில் நாங்கள். ஒருநாள் என்னை வண்டியில் வைத்து லோயர் கேம்ப்புக்குக் கூட்டிப்போனார். கேரள மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து தண்ணீரை இறக்கும் பெரிய குழாய்களைக் காட்டி, "பாத்தியா, அந்தப் பக்கத்துத் தண்ணிக்கு மலையே வழி விட்ருக்கு. நீ படி, ஒனக்கும் விடும்" என்றார். அந்தத் தண்ணீர் திரும்பப் போகுமா என்று கேட்கிற வயதில்லை எனக்கு.

நான் கல்லூரியில் கடைசி வருடம் படிக்கும்போது அத்தா மௌத்தானார். எங்களில் நிக்காஹ்வுக்கு முன் பெண்ணிடம் சம்மதம் கேட்க வேண்டும். கேட்கும் பொறுப்பு அத்தா இல்லாத வீட்டில் அண்ணனுக்கு. ஜெர்மனிக்குக் கிளம்பிய அன்று உத்தமபாளையம் பஸ் ஸ்டாண்டில் என் தங்கை சபீனா பையைத் தூக்கிக் கொடுத்துவிட்டுச் சொன்னாள்:

"அண்ணே, என் கல்யாணத்துக்கு நீதான் நேர்ல வந்து கேக்கணும். போன்ல கீன்ல கேட்டின்னா வாயவே தொறக்க மாட்டேன்."

"பேசாம இருந்தா வெக்கம், சம்மதம்னுல்ல எடுத்துக்கிருவாக?"

"எடுத்துக்கிரட்டும். எதுக்குப் பேசலன்னு ஒனக்குத் தெரியும்ல?"

இருவரும் சிரித்தோம். பஸ் கிளம்பிவிட்டது.

அவளுக்கு இப்போது கல்யாணம். மாப்பிள்ளை கம்பத்துப் பையன். அவளுக்குப் பிடித்துத்தான் பேசி முடித்தது, அதில் ஒரு சிக்கலும் இல்லை. சிக்கல் என்னுடைய அட்டை. கம்பெனி மாறியதால் புதுக் குடியிருப்பு அட்டைக்கு விண்ணப்பித்திருக்கிறேன். பழையது காலாவதியாகிவிட்டது. புதியது கைக்கு வரும்வரை இங்கே இருக்கலாம், வேலை பார்க்கலாம். வெளியே போனால் திரும்ப உள்ளே வர முடியாது. எனக்காக மாப்பிள்ளை வீட்டார் இரண்டு முறை தேதியைத் தள்ளி வைத்தார்கள். மூன்றாம் முறை கேட்க எங்களுக்கே வாய் வரவில்லை.

எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்துவிடுகிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன். "வந்துட்டுத் திரும்பப் போக முடியலேன்னா? ஒங்கத்தா குனிஞ்சு குனிஞ்சு ஒன்னையப் படிக்க வச்சாக. நீ அங்கனயே இருப்பா" என்றது அம்மா. இங்கிருந்து வெளியே போக முடியாது என்பது ஒரு பூட்டு. அங்கே உள்ளே வராதே என்பது இன்னொன்று. அதை அன்பாகப் பூட்டியிருக்கிறார்கள், அதனால் உடைக்கவும் முடியாது. வெளிநாட்டில் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

"உங்கள் நாடுதான் நிலவில் இறங்கிவிட்டதே! அந்தக் கப்பலில் இடம் இருந்தால் நீங்கள் ஏறுவீர்கள்தானே?" என்று அந்த வியாழக்கிழமை வட்டத்தில் மன்ஃபிரெட் என் பக்கம் திரும்பினார், ஏதோ நானே இறக்கியதுபோல. ஞாயிற்றுக்கிழமை தங்கைக்குக் கல்யாணம், என்னால் போக முடியாது என்று தட்டுத்தடுமாறிச் சொன்னேன். அவருக்குப் புரியவில்லை.

"ஏன்? விமானத்தில் ஒன்பது பத்து மணி நேரம்தானே?"

"போவதற்கு அவ்வளவுதான். திரும்பி வருவதற்கு எவ்வளவு என்று தெரியாது."

அட்டையைப் பற்றிச் சொன்னேன். மன்ஃபிரெட் தன் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்தார். இங்க்ரிட் எழுந்துபோய் ஜன்னல்களைத் திறந்தார். காற்று மாற்றும் நேரம்கூட ஆகியிருக்கவில்லை.

ஞாயிறு காலை, என் அறையில் வீடியோ அழைப்பில் ஊர்க் கல்யாண வீடு. அத்தாவின் அண்ணன், எங்கள் பெரியத்தா, இரண்டு சாட்சிகளோடு பெண் இருந்த அறைக்குப் போனைக் கொண்டுபோனார். "தம்பி, ஸ்பீக்கர்ல போட்ருக்கேன். சத்தமாக் கேளு." ஒரு கணம் திரையில் சபீனாவின் மருதாணிக் கை தெரிந்தது. படம் அப்படியே நின்றுவிட்டது.

மாப்பிள்ளையின் பெயரையும் அவருடைய அத்தாவின் பெயரையும் சொல்லிக் கேட்டேன். "அவருக்கு ஒன்னைய நிக்காஹ் செஞ்சு குடுக்கச் சம்மதமாம்மா?"

பதில் இல்லை. திரையில் கை அசையவில்லை. பாத்திரங்கள் மோதும் சத்தமும் ஒரு குழந்தையின் அழுகையும் கேட்டன. அப்படியென்றால் லைன் இருக்கிறது.

"பேசல, பேசல. வெக்கப்படுது புள்ள. சம்மதந்தான்" என்றார் பெரியத்தா. பெண்கள் சிரித்தார்கள்.

"இருங்க பெரியத்தா, இன்னொருக்கா கேக்குறேன்."

"எதுக்குப்பா? அதான் முடிஞ்சிருச்சுல்ல. அங்கன நிக்காஹ் ஓத ஹஜ்ரத் காத்துக்கிட்டு இருக்காக."

போன் கைமாறிக் கைமாறி எங்கோ போனது. யாரோ அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்கள்போல, திரை இருண்டுவிட்டது. சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது: பந்தி போடும் குரல்கள், யாரையோ ஏலே என்று அதட்டுவது, மைக்கில் துஆ ஓதுவது. அறை புழுங்கியது. எழுந்துபோய் ஜன்னலை அகலத் திறந்தேன். என் தங்கையின் கல்யாணச் சத்தம் அந்த வழியாகப் பனித் தெருவுக்கு இறங்கிப் போனது. கோட்டு மாட்டிக்கொள்ளவில்லை. குளிர் உள்ளே வந்தது.