மணமையில் ஒரு செம்பு பாய்லர்

கம்பெனி பஸ் ஓட்டிய காலத்தில் ஜானகிராமனுக்கு ஒரு பழக்கம் இருந்தது. ஷெட்டில் வண்டியை நிறுத்தியதும் மற்ற டிரைவர்கள் டீக்கடைக்கு ஓடுவார்கள். இவர் மட்டும் இஞ்சின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு, உள்ளே இருந்து அடிக்கிற அனலில் முகத்தைக் காட்டியபடி நிற்பார். இவ்வளவு சூடும் யாருக்கும் பிரயோசனமில்லாமல் காற்றோடு போகிறதே என்று அவருக்கு மனசு ஆறாது. ஒரகடத்துக்கு ஆள் ஏற்றி இறக்கியே தலை நரைத்துப்போய், மணமை கிராமத்தில் சொந்த வீட்டில் வந்து உட்கார்ந்த பிறகு திறந்து பார்க்க இஞ்சின் இல்லை. மனுஷன் கரண்ட் மீட்டரைப் பார்க்க ஆரம்பித்தார்.

அதற்குக் காரணம் இருந்தது. அவர் மனைவி எல்லம்மாள் ஒரு காலத்தில் ஊரில் பாதிப் பேருக்கு ரவிக்கை தைத்துக் கொடுத்தவள். இப்போது முடக்குவாதம். ராத்திரி படுக்கும்போது விரிந்திருக்கும் கை, விடியும்போது முஷ்டி பிடித்த மாதிரி மூடிக் கிடக்கும். செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தார்கள். காலையில் நல்ல வெந்நீரில் கையைக் கொஞ்ச நேரம் வைத்திருந்து, அப்படியே குளித்துவிட்டால் இறுக்கம் விடும் என்றும் சொன்னார்கள். சொன்னது பொய்யில்லை. சென்னையில் வேலை செய்கிற மகள் அன்பரசி வந்து குளியலறையில் கீசர் மாட்டிவிட்டுப் போனாள். எல்லம்மாளின் விரல்கள் காபி டம்ளரைப் பிடித்தன, சட்டைக்குப் பொத்தான் போட்டன, மீன் கூட ஆய்ந்தன.

அடுத்து வந்த கரண்ட் பில் ஜானகிராமனைத் தூக்கிவாரிப் போட்டது. அதிகம் எரித்தால் ஒவ்வொரு யூனிட்டுக்கும் விலை ஏறுகிற கணக்கு அது. கீசர் அவர்களை அந்த மேட்டில் ஏற்றி விட்டிருந்தது. ஜானகிராமன் பில்லை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அவள் பார்க்கவில்லை என்று நினைத்தார். எதையும் பார்க்காமல் விடுகிற பொம்பளையா எல்லம்மாள்?

மறுநாளிலிருந்து அவள் பச்சைத் தண்ணீரில் குளித்தாள். கேட்டால், "இப்போ எனக்கு கை நல்லா கீது. சுடுதண்ணி ஒடம்புக்குச் சேரல" என்றாள். ஒரு நாள் ஜானகிராமன் தற்செயலாகச் சமையலறைக்குள் எட்டிப் பார்த்தார். அவள் இரண்டு மணிக்கட்டுகளுக்கும் நடுவில் டம்ளரை இடுக்கி, குனிந்து, வாயை டம்ளரிடம் கொண்டுபோய்க் காபி குடித்துக்கொண்டிருந்தாள். சத்தம் காட்டாமல் திரும்பி வந்து வாசலில் உட்கார்ந்தார். ஒரு பெண்பிள்ளை தன் வீட்டில் இப்படியா காபி குடிக்க வேண்டும்?

திருக்கழுக்குன்றத்தில் பழைய பாத்திரம் வாங்கி விற்கிற கடையில்தான் அவர் அந்த பாய்லரைப் பார்த்தார். இடுப்புயரம் இருக்கும். செம்பு. மேலெல்லாம் பச்சைக் களிம்பு பிடித்துக் கிடந்தது. நடுவில் மேலிருந்து கீழ் வரை ஒரு குழாய், அதற்குள்தான் தீ. குழாயைச் சுற்றித் தண்ணீர். ஒரு பக்கம் ஊற்றுகிற வாய், இன்னொரு பக்கம் மேலே ஒரு மூக்கு. ஜானகிராமன் கையை விட்டுத் தடவிப் பார்த்தார். நடுவில் நெருப்பு, சுற்றிலும் தண்ணீர். சூட்டுக்கு வெளியே ஓட வழியே இல்லை! இத்தனை வருஷம் இஞ்சின் முன்னால் நின்று எதற்காகத் தவித்தாரோ அதை எவனோ எப்போதோ செய்து வைத்துவிட்டான். கடையிலேயே நின்று தலையில் அடித்துக்கொண்டார்.

வேனில் கொண்டுவந்து இறக்கியபோது பக்கத்து வீட்டு உலகநாதன் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தார். "இன்னா அண்ணாத்த, டீக்கடை போடப் போறியா?"

"ஆமா. மொத டீ உனக்குத்தான். துட்டு எடுத்துகினு வா" என்றார் ஜானகிராமன்.

வீட்டுக்குப் பின்னால், குளியலறைச் சுவரை ஒட்டித் திறந்த வெளியில் செங்கல் அடுக்கி பாய்லரை நிறுத்தினார். புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தார். விறகுக்கு அலைய வேண்டியதில்லை. மாமல்லபுரம் ரோடு நெடுக இளநீர்க் கடைகள். குடித்துப் போட்ட மட்டையை எடுத்துப்போனால் போதும் என்று கடைக்காரர்கள் கும்பிடுகிறார்கள். அதைப் பிளந்து வெயிலில் போட்டால் நாலைந்து நாளில் காய்ந்து கலகலவென்றாகிறது. கடற்கரைப் பக்கம் முனிசாமியின் சவுக்குத் தோப்பு. உதிர்ந்த சருகையும் காயையும் யாராவது வாரிக்கொண்டு போனால் தீப்பிடிக்கிற பயம் இல்லை என்று அவருக்கும் சந்தோஷம். ஜானகிராமனின் பழைய ஸ்கூட்டர் முன்னாலும் பின்னாலும் மூட்டைகளோடு போய் வந்தது.

முதல் நாள் தீ மூட்டியதை அவர் சாகிறவரை மறக்க மாட்டார். ஒரு கை சவுக்குச் சருகு, ஒரு குச்சி. குழாய்க்குள் போட்டதும் தீ கீழேயிருந்து 'ஹோ'வென்று எழுந்து மேலே வந்தது. முதலில் கொஞ்சம் புகை, அப்புறம் அதுவும் இல்லை. வெறும் அனல் நடுங்கிக்கொண்டிருந்தது. மேலிருந்து மட்டைத் துண்டுகளைப் போடப் போட விழுங்கிக்கொண்டே இருந்தது. செம்பின் வயிற்றில் காதை வைத்தால் உள்ளே தண்ணீர் முனகுவது கேட்டது. யாரோ குடித்து ரோட்டோரம் எறிந்த மட்டை, மரமே வேண்டாமென்று உதிர்த்த சருகு. அதிலிருந்தா இவ்வளவு உயிர் எழும்புகிறது? ஜானகிராமனுக்கு மயிர்க்கூச்செறிந்தது.

அடுத்த அதிசயம் அந்த மூக்கில் இருந்தது. திருகுவதற்கு எதுவும் கிடையாது. ஒரு சொம்பு பச்சைத் தண்ணீரை வாயில் ஊற்றினால் அது அடிக்குப் போய்விடும். மேலே காய்ந்து நிற்கிற தண்ணீர் ஒரு சொம்பு மூக்கு வழியாக வெளியே விழும். ஊற்றாவிட்டால் ஒரு சொட்டு வராது. அவர் குழந்தை மாதிரி ஊற்றுவதும் பிடிப்பதுமாக இருந்தார். எல்லம்மாள் முக்காலியில் உட்கார்ந்து, வாளியில் விழுந்த வெந்நீரில் மூடிய கைகளை அமிழ்த்தினாள். கொஞ்சம் கொஞ்சமாக, முதலில் சுண்டுவிரல், அப்புறம் மற்றவை, விரல்கள் பிரிந்தன. இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இருபத்தைந்து வயது மகள் இருக்கிற வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் அப்படி வாயைப் பிளந்துகொண்டு ஒரு கையைப் பார்ப்பது வேடிக்கைதான். ஆனால் பார்த்தார்கள்.

கீசருக்குப் பிளக் பிடுங்கியாயிற்று. அடுத்த பில் பழைய இடத்துக்கு இறங்கியது. கதை இங்கேயே முடிந்திருக்கலாம். ஜானகிராமன் சும்மா இருக்கிற ஆசாமியாக இருந்தால்.

ஒரு நாள் எல்லம்மாள் சொன்னாள்: "தினம் தினம் நீ ஊத்தி, நீ தூக்கியாந்து குடுத்துத்தான் நான் குளிக்கணுமா? ஒரு நாளாச்சும் நானே என் இஷ்டத்துக்குக் குளிக்கக் கூடாதா?"

அது அவரைக் குத்தியது. தண்ணீர் நிறைந்த பாத்திரத்தை அவளால் தூக்க முடியாது. ஆகவே மூளையைக் கசக்கினார். பாய்லரின் அடியில் ஓட்டை போட்டுக் குழாய் வைத்தார்; அதில் ரப்பர் ட்யூபை மாட்டிக் குளியலறைச் சுவரில் தாழத் துளை போட்டு உள்ளே விட்டார்; அதன் நுனியில் முழங்கையால் தள்ளித் திறக்கிற நீளப் பிடி வைத்த குழாய். எல்லம்மாள் தள்ளிப் பார்த்தாள். வெந்நீர் கொட்டியது. "அடேங்கப்பா! நீ டிரைவரா, இன்ஜினீயரா?" என்றாள். அவர் அன்றைக்கு முழுக்க தரையில் கால் படாமல் நடந்தார்.

மறுநாள் காலை தீயை நன்றாக மூட்டிவிட்டு அவர் மட்டை கொண்டுவரப் போய்விட்டார். எல்லம்மாள் எவ்வளவோ காலத்துக்குப் பிறகு தனியாக, யாரையும் கூப்பிடாமல், தலைக்கு ஊற்றிக்கொண்டு ஆசைதீரக் குளித்தாள். ஊற்றினால்தான் வரும் என்றிருந்த பாய்லர் இப்போது ஊற்றாமலே கொடுத்தது. கொடுத்துக் கொடுத்து வறண்டது. நடுவில் தீ மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

திரும்பி வந்த ஜானகிராமன் கருகல் வாடையை மோந்தார். ஓடினார். செம்பு நிறம் மாறி நின்றது. இங்கேதான் அவர் செய்த காரியம் இன்றுவரை அவருக்கே விளங்கவில்லை. கொதிக்கிற ரேடியேட்டரில் பச்சைத் தண்ணீர் ஊற்றாதேடா என்று சர்வீஸ் முழுக்கக் கிளீனர்களைத் திட்டியவர், வாளித் தண்ணீரை அப்படியே தூக்கி பாய்லருக்குள் கவிழ்த்தார். உள்ளே 'டப்'பென்று ஒரு சத்தம். நடுக்குழாயைச் செம்போடு பற்றவைத்திருந்த இணைப்பு விட்டுப்போய், தண்ணீர் தீயில் கொட்டி, ஆவியும் சாம்பலும் அவர் முகத்தில் அடித்தன. நல்லவேளை, கண் தப்பியது.

எல்லம்மாள் ஈரத் தலையோடு வெளியே வந்தாள். பாய்லரைப் பார்த்தாள். "என்னாலதான்" என்றாள்.

"நீ இன்னா பண்ண? நான்தான் ஓட்டை போட்டேன்."

"வேணாம்யா. இத்தோட வுட்டுடு. எனக்கு சுடுதண்ணியே வேணாம். ஒரு ஆளு கையிக்காக இவ்ளோ பேஜாரா?"

பாய்லர் கெட்டதை விட அந்தப் பேச்சு அவரை அதிகமாகச் சுட்டது. அவள் சும்மா சொல்லவில்லை. அடுத்த நாளே பச்சைத் தண்ணீர்க் குளியல், மணிக்கட்டில் டம்ளர். கீசரைப் போடுகிறேன் என்று அவர் போனால் குளியலறைக் கதவை அடைத்து நின்றாள்.

அவர் பாய்லரை வேனில் ஏற்றிக்கொண்டு அச்சரப்பாக்கம் வரை போனார். செம்பு வேலை தெரிந்த கேசவன் பட்டறை அங்கேதான் இருந்தது. கேசவன் உள்ளே லைட் அடித்துப் பார்த்துவிட்டு, "அடியில நீ போட்ட குழாயை இன்னா பண்றது? வச்சுத் தரவா?" என்று கேட்டார். ஜானகிராமன் யோசிக்கவே இல்லை. "அடைச்சுடுங்க" என்றார். வெறும் ஊற்றுவாயும் மூக்கும் போதும். ஒவ்வொரு தடவை வெந்நீர் கேட்கும்போதும் உள்ளே தண்ணீர் நிறைந்திருக்க வேண்டும் என்பதற்காகவே அதை அப்படிப் பண்ணியிருக்கிறான் புண்ணியவான். யார் பெயரும் பொறிக்காத அந்த பாய்லரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது அவருக்கு.

மறுபடி தீ எரிந்தது. அவ்வளவு தூரம் தூக்கிப்போய்ச் சரிபண்ணி வந்ததை வேண்டாமென்று தள்ள எல்லம்மாளுக்கு மனசு வரவில்லை; ஆனால் கோபம் தணியாமல், அவர் ஊற்றுகிற தண்ணீரில் கையை வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு எழுந்து போனாள். மாத்திரையோ வெந்நீரோ, அல்லது இரண்டுமோ, கை மெல்லத் தேறியது. மார்கழி வந்தது. கடல் பக்கமிருந்து ஈரக்காற்று. ஜானகிராமனுக்குக் காய்ச்சல் கண்டு, விடிந்தும் எழுந்திருக்க முடியவில்லை. இன்று அவளுக்கு வெந்நீர் இல்லையே என்ற ஒரே நினைப்போடு போர்வைக்குள் கிடந்தார்.

சவுக்குப் புகை வாசனை வந்தது. கனவு என்று நினைத்தார். அப்புறம் தண்ணீர் விழுகிற சத்தம். சுவரைப் பிடித்துக்கொண்டு பின்கதவு வரை நடந்தார்.

தீ எரிந்துகொண்டிருந்தது. எல்லம்மாள் ஒரு சின்னச் சொம்பை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் அழுத்திப் பிடித்து, மார்புக்கு ஏற்றி, அப்புறம் பல்லைக் கடித்துக்கொண்டு பாய்லரின் வாய்க்கு ஏற்றிக் கவிழ்த்தாள். மூக்கிலிருந்து வெந்நீர் வாளியில் விழுந்தது. அதில் கையை நனைத்தாள். மறுபடி சொம்பு. இந்தத் தடவை விரல்கள் கொஞ்சம் வளைந்து பிடித்தன. மறுபடி. அடுத்த சொம்பை அவள் ஒரு கையால், கழுத்தைப் பிடித்தே தூக்கினாள். ஓடிப்போய் வாங்கிக்கொள்ள வேண்டும் என்றுதான் அவருக்குத் தோன்றியது. கால் நகரவில்லை. தீயையும் தண்ணீரையும் பார்த்து எத்தனையோ முறை வியந்திருக்கிறார். இந்த மனுஷியைப் பார்த்து அப்படி வியந்தது அதுவே முதல் தடவை.

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"இன்னாய்யா, காய்ச்சலோட நின்னுகினு கீற? இப்டி வந்து குந்து."

முக்காலியில் உட்கார்ந்தார். அவள் அவர் கைகளை இழுத்து பாய்லரின் மூக்குக்குக் கீழே வைத்துவிட்டு, சொம்பை எடுத்து ஊற்றினாள். இதமான வெந்நீர் அவர் உள்ளங்கையில் விழுந்து வழிந்தது. ஜானகிராமனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"ரொம்பச் சுடுதா?" என்று கேட்டாள்.

இல்லை என்று தலையாட்டினார். அவள் அடுத்த சொம்பை மொண்டாள்.