மிர்சாகெல்தியின் சிக்கன ஆட்சி

மிர்சாகெல்தி ஓய்வு பெற்ற அன்று ரயில்வேக்காரர்கள் அவருக்குப் பட்டு அங்கி போர்த்தி, சுவர்க் கடிகாரம் ஒன்றைக் கையில் கொடுத்து, கை தட்டி அனுப்பி வைத்தார்கள். கைதட்டல் கொஞ்சம் கூடுதலாகவே இருந்ததாக அவர் மனைவி கலம்பிருக்குத் தோன்றியது. அதன் காரணம் அடுத்த திங்கட்கிழமையே அவளுக்குப் புரிந்துவிட்டது.

முப்பத்தொரு வருடம் தராஸ் என்ற ஊரின் ரயில் நிலையத்தில் சரக்குப் பெட்டிகளைத் திறந்து, மூட்டைகளை எண்ணி, குறைந்ததற்குக் கணக்குக் கேட்ட மனிதர். இப்போது எண்ணுவதற்கு மூட்டை இல்லை. வீடுதான் இருந்தது. மிர்சா என்றால் அந்த ஊர்ப் பேச்சில் தாராளமானவன் என்று பொருள். பெயர் வைத்தவர்கள் குழந்தையின் முகத்தைச் சரியாகப் பார்க்கவில்லை போலும்.

"இந்த வீட்ல காசு ஓட்டைப் பானையில தண்ணி மாதிரி ஒழுகுது" என்றார், திங்கட்கிழமைக் காலை, சமையலறையின் நடுவில் நின்று.

"இத்தனை வருஷமா நான்தான் வீட்டை ஓட்டினேன். எங்கே ஒழுகுச்சாம்?" என்றாள் கலம்பிர்.

"அதைத்தான் கண்டுபிடிக்கப் போறேன்."

கண்டுபிடித்தார். துணி அலசிய தண்ணீர் வாளியில் சேர்ந்து கழிவறைக்குப் போயிற்று. அடுப்பில் ஒரு நேரத்தில் ஒரு தீதான் எரியலாம் என்றானது. சர்க்கரை டப்பா அவருடைய அலமாரிக்குள் போய்ப் பூட்டிக்கொண்டது. மகள் பெயரே ஷெக்கெர், அதாவது சர்க்கரை. "நல்லவேளை, என்னையும் உள்ளே வெச்சுப் பூட்டல" என்றாள் அவள்.

ஊருக்கு வெளியே உள்ள மொத்தச் சந்தையில் வெங்காயம் மலிவு என்று யாரோ சொல்ல, இரண்டு பஸ் மாறிப் போனார். அவருக்கு ஓய்வூதியக்காரர் அட்டை, டிக்கெட் இல்லை. போனது சும்மாதான். வந்ததுதான் சும்மா இல்லை, ஏனென்றால் நான்கு மூட்டை வெங்காயத்தோடு எந்த பஸ்காரனும் ஏற்றிக்கொள்ளவில்லை. டாக்ஸி வைத்து வந்தார். ஐந்து மாடிக் குடியிருப்பில், இரண்டு அறை வீட்டில், கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்தார். மார்ச் மாதம் கட்டிலைச் சுற்றிப் பச்சைத் தளிர் எழும்பியது. "பரவாயில்லையே, தோட்டம் வேணும்னு கேட்டுட்டே இருந்தேன்" என்றாள் கலம்பிர்.

பனிக்காலத்தில் குளிர்பெட்டியை அணைத்துவிட்டு இறைச்சியை பால்கனியில் தொங்கவிட்டார். வெளியே இருபது டிகிரி உறைபனி இலவசமாகக் கிடைக்கும்போது மின்சாரத்துக்கு எதற்குக் காசு? சரியான யோசனைதான். அது காகங்களுக்கும் சரியாகவே பட்டது.

இவற்றையெல்லாம் கலம்பிர் பொறுத்துக்கொண்டாள். அவளால் பொறுக்க முடியாதது தேநீர் விஷயம்.

அவர்கள் பக்கத்தில் விருந்தாளிக்குக் கிண்ணத்தில் பாதிக்கும் குறைவாகத்தான் ஊற்றுவார்கள். குடித்து நீட்டுவார், மறுபடி கொஞ்சம் ஊற்ற வேண்டும், பேச்சு நீளும். அதுதான் மரியாதை. கிண்ணம் நிறைய ஊற்றிக் கொடுத்தால், குடித்துவிட்டுக் கிளம்பு என்று அர்த்தம். அதை வாயால் சொல்ல வேண்டியதில்லை.

மிர்சாகெல்தியின் பழைய ரயில்வே நண்பர்கள் தினமும் வந்து ஆளுக்கு ஒன்பது கிண்ணம் குடித்தார்கள். ஒன்பது கிண்ணத்துக்கு எவ்வளவு பால், எவ்வளவு பொரித்த ரொட்டி, எவ்வளவு ஜாம் என்று அவர் யோசித்துப் பார்த்தார். பிறகு ஒரு தாளில் எழுதி குளிர்பெட்டிக் கதவில் ஒட்டினார்: 'இனி தேநீர் கிண்ணம் நிறைய ஊற்றப்படும்.'

"உங்களுக்கு மூளை கலங்கிப் போச்சா?" என்றாள் கலம்பிர். "வந்தவங்களைக் கழுத்தைப் பிடிச்சுத் தள்ளுற மாதிரி!"

"கழுத்தைப் பிடிச்சா கை வலிக்கும். இதுல வலியே இல்ல."

"எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும்தான். ஆளுக்கொரு சட்டம் வெச்சா அது சட்டமா?"

ஒரே வாரத்தில் நண்பர்கள் வருவது நின்றது. பால் மிச்சமானது. பேச ஆளில்லாமல் அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து, போகிற வருகிற கார்களை எண்ணிக்கொண்டிருந்தார். அதற்குச் செலவில்லை.

அப்போதுதான் துய்சன்பாய் வீட்டிலிருந்து பேச்சு வந்தது. துய்சன்பாய் நிலக்கரிக் கிடங்கு வைத்திருப்பவர். அவருடைய மகன் குவாந்திக் என்பவனுக்கு ஷெக்கெரைக் கேட்டார்கள். ஷெக்கெருக்கு இருபத்தைந்து வயது, மருந்துக் கடையில் வேலை. பையனை ஒருமுறை சிற்றுண்டிக் கடையில் பார்த்துவிட்டு வந்தாள்.

"எப்படி?" என்று கேட்டாள் கலம்பிர்.

"நான் சாப்பிட்ட சம்சாவுக்கு என்கிட்டயே காசு வாங்கிட்டான். மிச்சக் காகித நாப்கினை மடிச்சுப் பையில வெச்சுக்கிட்டான். கல்யாணத்துக்கு அப்புறம் என் சம்பளம் எந்தத் தேதியில வரும்னு கேட்டான்."

மிர்சாகெல்தியின் கண்கள் கலங்கின. இந்தக் காலத்தில் இப்படி ஒரு பையனா! தனக்குப் பிறக்க வேண்டியவன் தவறிப்போய் நிலக்கரிக்காரர் வீட்டில் பிறந்துவிட்டான் என்றே அவருக்குத் தோன்றியது.

"அம்மா, இங்கேயிருந்து தப்பிச்சு அங்கே போய் மாட்டிக்கவா?" என்றாள் ஷெக்கெர் சமையலறையில், மெதுவாக.

"உங்க அப்பாகிட்ட சொல்லு."

"சொன்னேன். பொண்ணுக்கு என்ன தெரியும்ங்கிறாரு."

முப்பது வருடத்துக்கு முன் கலம்பிருக்கும் அதே பதில்தான் கிடைத்தது.

சம்பந்தி வரும் ஞாயிற்றுக்கிழமை மிர்சாகெல்தி வேறு மனிதராகிவிட்டார். ஒரு முழு ஆட்டை வாங்கினார். அலமாரி திறந்தது, சர்க்கரை வெளிச்சத்தைப் பார்த்தது. அடுப்பின் நான்கு தீயும் எரிந்தன. குளிர்பெட்டிக் கதவில் இருந்த தாளை எடுக்க மட்டும் அவருக்கு ஞாபகம் வரவில்லை.

துய்சன்பாயும் அவர் மனைவி பாத்திமாவும் மேசையில் விருந்தாளிக்குரிய தலைமை இடத்தில் உட்கார்ந்தார்கள். இறைச்சி வேக இன்னும் ஒரு மணி நேரம் ஆகும். அதுவரை தேநீர். மகள்தான் ஊற்ற வேண்டும். சமையலறையில் ஷெக்கெர் தாயின் முகத்தைப் பார்த்தாள், பிறகு குளிர்பெட்டிக் கதவைப் பார்த்தாள். கலம்பிர் இருந்த கெட்டில்களில் பெரியதை எடுத்து மகளின் கையில் கொடுத்தாள்.

ஷெக்கெர் வந்து தலை குனிந்து, பணிவாக, கிண்ணத்தின் விளிம்பு வரை ஊற்றினாள். இன்னும் ஒரு சொட்டு விழுந்தால் வழிந்திருக்கும். இரண்டு கையாலும் ஏந்தித் துய்சன்பாயின் முன்னால் வைத்தாள். அடுத்ததைப் பாத்திமாவின் முன்னால்.



துய்சன்பாய் கிண்ணத்தைப் பார்த்தார். "மிர்செக்கே, நாங்க இன்னும் கோட்டுகூட சரியாக் கழட்டல" என்றார், மிர்சாகெல்தியை மரியாதைப் பெயரால் அழைத்து.

"ஐயோ, இல்ல இல்ல! தப்பா எடுத்துக்காதீங்க" என்று மிர்சாகெல்தி பதறி எழுந்தார். "இது எங்க வீட்டு வழக்கம். எல்லாருக்குமே இப்படித்தான் ஊத்துவோம்!"

"வர்ற எல்லாரையுமா துரத்துவீங்க?" என்றாள் பாத்திமா.

"துரத்துறதுக்கு இல்லம்மா, சிக்கனத்துக்கு! நிறைய ஊத்திட்டா ஒரு கிண்ணத்தோட போயிடுவாங்க பாருங்க, பால் மிச்சம்..." அங்கேயே நிறுத்தியிருக்கலாம். அவர் நிறுத்தவில்லை. "ரொட்டியும் மிச்சம்" என்று முடித்தார்.

பாத்திமா எழுந்தாள். "வாங்க போகலாம். இவங்க ரொட்டி குறைஞ்சிடப் போகுது."

இறைச்சி வெந்தபோது மேசையைச் சுற்றி மூன்று பேர்தான் இருந்தார்கள். எட்டு நாள் காலையும் மாலையும் அதே ஆட்டைத் தின்றார்கள். கல்யாணமான புதிதிலிருந்தே கலம்பிர் அவ்வளவு இறைச்சி சாப்பிட்டதில்லை. மிர்சாகெல்தி அந்த எட்டு நாளும் யாரிடமும் பேசவில்லை, சொல்லிலும் சிக்கனம் பிடித்தார். ஒன்பதாம் நாள் மகளிடம் கேட்டார்: "உனக்கு அந்தப் பையனைப் பிடிக்கலைன்னா வாயால சொல்லியிருக்கலாமே?"

"மூணு தடவை சொன்னேன் அப்பா."

அவர் யோசித்தார். மூட்டைகளை எண்ணிய மனிதர், மகள் சொன்னதை எண்ணவில்லை. "அப்படியா" என்றார். வேறொன்றும் சொல்லாமல் அலமாரிச் சாவியைக் கொண்டுவந்து கலம்பிரின் முன்னால் வைத்தார். அவர் முகம் தொங்கிப் போயிருந்தது. கலம்பிருக்குக் கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது, ஆனால் சாவியை எடுத்துக்கொள்ளும் அளவுக்குத்தான்.

சும்மா இருந்தால் இந்த மனிதர் மறுபடி ஆரம்பிப்பார் என்று அவளுக்குத் தெரியும். வசந்தத்தில் குடியிருப்போர் சங்கத்துக்குத் தலைவர் வேண்டியிருந்தது. அவள் ஐந்து மாடியும் ஏறி இறங்கினாள். "எங்க வீட்டுக்காரர் கையில காசு வீணாகவே ஆகாது" என்றாள். அதில் ஒரு வார்த்தையும் பொய் இல்லை. எல்லோரும் கை தூக்கினார்கள்.

அதன்பிறகு அவர் வீட்டில் இருப்பதே இல்லை. காலையில் டார்ச்சும் நோட்டும் எடுத்துக்கொண்டு படியிறங்கினால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் வருவார்.

ஜூன் மாதம் மூன்றாம் மாடிக்காரி பியாஷ் மூச்சு வாங்க வந்து கதவைத் தட்டினாள். "கலம்பிர் அக்கா! படிக்கட்டு பல்பையெல்லாம் உங்க வீட்டுக்காரர் கழட்டிட்டாரு. முற்றத்துக் குழாயில கைப்பிடியைக் காணோம், அவர் பையில இருக்குதாம். என்ன மனுஷன் அவர்?"

"நீங்கதானே கை தூக்கினீங்க?"

"நீங்க சொன்னதாலதானே தூக்கினோம்!"

"ஆமா" என்றாள் கலம்பிர். "கல்யாணம் ஆன நாள்லேர்ந்து நான் சொல்லி நடந்தது அது ஒண்ணுதான். உள்ளே வா பியாஷ், பொறுமையா உட்கார்ந்து திட்டு."