நசுருதீனின் இண்டிகேட்டர் பல்பு

எந்த சப்ளை போர்டு கைக்கு வந்தாலும் நசுருதீன் முதலில் சட்டைப் பையிலிருந்து ஒரு பழைய பைக் இண்டிகேட்டர் பல்பை எடுப்பார். அதன் அடியில் பற்றவைத்த இரண்டு வயர்களின் நுனியை விரலால் நீவி, போர்டில் கரண்ட் வெளிவரும் இடத்தில் வைப்பார். பல்பு எரிந்ததும் தலையை ஒரு பக்கம் சாய்த்து, வெளிச்சம் ஆடுகிறதா என்று பார்ப்பார். ஆடவில்லையென்றால் போர்டு நல்ல போர்டு. மீட்டர் மேசையில் சும்மா கிடக்கும்.

விசைத்தறி ஊரான சோமனூரில் பிறர் செய்த போர்டுகளையே பழுது பார்த்து வந்தவர், முதல்முறையாகத் தானே ஒன்று செய்திருந்தார்: நூல் அறுந்தால் தறியை நிறுத்தும் போர்டு. ஒன்றை வெங்கடலட்சுமியின் தறிக்கூடத்திலும், இன்னொன்றைப் பாலுசாமியின் கூடத்திலும் மாட்டினார். அந்த அம்மாவிடமிருந்து ஒரு புகாரும் வரவில்லை. பாலுசாமியிடமிருந்து வந்துகொண்டே இருந்தது. தறியை நிறுத்திவிட்டு மறுபடி ஓட்டினால் போர்டு செத்துக் கிடந்தது. நூல் அறுந்தது தெரியாமல் தறி ஓடி, துணியில் கோடு விழுந்தது.

கழற்றிக் கொண்டுவந்து கெப்பாசிட்டரை மாற்றினார். வோல்ட்டைச் சீராக வைக்கும் ரெகுலேட்டர் ஐசியையே மாற்றினார். கடையில் பல்பு ஆடாமல் எரிந்தது. திரும்ப மாட்டினால் அதே கதை.

"ஏனுங்க பாய், உங்க கடையில நல்ல புள்ளையா இருக்குது, இங்க வந்தா மட்டும் மொறைக்குதுங்களே. அந்த அம்மணிக்கு ஓடறது எங்களுக்கு ஏனுங்க ஓடமாட்டேங்குது?" என்றார் பாலுசாமி.

இன்னொரு தடவை துணி கெட்டால் கழற்றிவிட்டு கம்பெனி போர்டு மாட்டிக்கொள்வதாகவும் சொன்னார். மரியாதை குறையாமல் சொன்னார். அதுதான் நசுருதீனுக்கு உறுத்தியது. மனைவி யாஸ்மின் சோறு போட்டுக்கொண்டே என்னவென்று கேட்டபோது, சரியாகிவிடும் என்றதோடு நிறுத்திக்கொண்டார்.

இந்த முறை போர்டைக் கழற்றவில்லை. மீட்டரை எடுத்துக்கொண்டு கூடத்துக்கே போய் உட்கார்ந்தார். தறிகள் ஓடும்வரை பன்னிரண்டு வோல்ட் அசையாமல் நின்றது. டீக்கு நிறுத்தினார்கள். சத்தம் அடங்கியதும் மீட்டரில் எண் ஆட ஆரம்பித்து, மெல்ல இறங்கியது. கை தானாகச் சட்டைப் பைக்குப் போயிற்று. பல்பை வைத்ததும் எண் ஏறி நின்றது. எடுத்தார், விழுந்தது. மறுபடி வைத்தார், ஏறியது.

தறி ஓடும்போது ரிலேயும் சென்சாரும் கரண்ட் இழுக்கும். நின்றுவிட்டால் இழுக்க ஆளில்லை. கரண்டை வெட்டி வெட்டிக் கொடுக்கும் அந்த ரெகுலேட்டர், கேட்பாரில்லாமல் தூங்கிப்போய், பிறகு ஒழுங்காக எழுவதில்லை. கடையில் ஒவ்வொரு முறையும் அதைத் தூங்கவிடாமல் வைத்திருந்தது அவருடைய பல்புதான்.

அங்கேயே ஒரு ரெசிஸ்டரைக் குறுக்கே பற்றவைத்தார், எப்போதும் கொஞ்சம் கரண்ட் இழுத்துக்கொண்டிருக்கட்டும் என்று. பாலுசாமி குனிந்து பார்த்தார்.

"அப்ப சும்மா இருந்தாத்தான் கெட்டுப்போகுதுங்களா? எங்க மாப்பிள்ளைக்கும் இப்படி ஒண்ணு வெச்சுடுங்க பாய்."

போர்டு அந்தச் சுவரிலேயே தங்கியது.

கெடாவிட்டாலும் இருக்கட்டும் என்று வெங்கடலட்சுமியின் போர்டுக்கும் ஒரு ரெசிஸ்டர் எடுத்துப் போனார். நசுருதீன் மூடியைத் திறக்கப் போனதும் அந்த அம்மா கொஞ்சம் தடுமாறினார். உள்ளிருந்து அவர் போடாத இரண்டு மெல்லிய வயர்கள் சுவரேறிப் போயின.

"கேட்டா வேண்டாம்பீங்கன்னு சொல்லாமயே கரண்டு எடுத்துப்போட்டனுங்க," என்றார்.

போர்டு மாட்டிய அன்றைக்கே, நசுருதீன் தெருவைத் தாண்டியதும், அந்த அம்மா முருகன் படத்துக்குக் கீழே ஒரு சின்னச் சிவப்பு பல்புக்கு அதிலிருந்து கரண்ட் இழுத்திருந்தார். தறி ஓடினாலும் நின்றாலும் அதை அவர் அணைத்ததே இல்லை.