கடைசி மாத்திரைக்குப் பிறகு மூன்று நாள்

என் கணவர் குடிக்க மாட்டார். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் வட்டாரத்தில் இதை நம்பக்கூடிய ஆள் ஒருவர்கூடக் கிடையாது. புனேவை ஒட்டிய தேஹு ரோடில் பிறந்து வளர்ந்தவர். தளேகாவில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். பாட்டில் மூடியைக்கூட மோந்து பார்க்காத மனிதர். எங்கள் வீட்டில் குடிப்பது நான். சனிக்கிழமை சாயங்காலம் ஒரே ஒரு டம்ளர் சிவப்பு ஒயின். கோயம்புத்தூரிலிருந்து ஐ.டி. வேலைக்குப் புனே வந்த புதிதில் அலுவலகத் தோழிகளோடு தொற்றிக்கொண்ட பழக்கம். அதற்கு மேல் ஒரு சொட்டு கேட்க மாட்டேன். அதில் ஒரு சொட்டு குறைந்தாலும் கோபம் வரும்.

ஆனால் கடைக்குப் போய் வாங்கி வருவது அவர்தான். அந்தக் கடை, எங்கள் குடும்ப டாக்டரின் கிளினிக்குக்கு நேர் எதிரில் இருக்கிறது. எட்டு வருடமாக வாரம் தவறாமல் ஷிப்ட் முடிந்து வரும் வழியில் ஸ்கூட்டரை நிறுத்தி, ஒரு சின்ன பாட்டிலை வாங்கி டிக்கியில் போட்டுக்கொண்டு வருவார். கல்யாணமான மூன்றாவது மாதம் அந்தப் பாட்டில் மாமனார் கையில் சிக்கியது. அவர் மகனைப் பார்த்தார். மகன் என்னைப் பார்த்தார். நான் அடுப்பைப் பார்த்தேன். அன்றைக்கு நான் வாய் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. அன்றிலிருந்து என் கணவர் குடிகாரர், நான் பொறுமைசாலி.

மாமனார் ஆயுதக் கிடங்கில் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பூர்வீகம் ஆற்காட்டுப் பக்கம். அவருடைய தம்பி குடித்தே செத்தவர், அதுவும் முப்பத்தொன்பது வயதில். அதனால் இந்த விஷயத்தில் அவருக்கு விளையாட்டே கிடையாது. சொந்தக்காரர்கள் யார் வந்தாலும், "அந்தப் பொண்ணு மாதிரி யாரும் பொறுத்துக்க முடியாது, வாயத் தொறந்து ஒரு வார்த்த சொன்னது கெடையாது" என்பார். கடைசிப் பகுதி மட்டும் முழு உண்மை. அந்த மரியாதை எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

சனிக்கிழமை ஏழு மணிக்கு மாமனார் ஹாலில் நாற்காலியைப் போட்டு மகனுக்கு எதிரே உட்காருவார். ஒரு மணி நேரம் திட்டு. தம்பி செத்த கதை, கிடங்கில் குடித்துவிட்டு வேலைக்கு வந்து வேலை போனவன் கதை, கதையோடு கதையாக நாலு வசவு. கணவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருப்பார். அதே நேரத்தில் நான் பால்கனியில் எவர்சில்வர் டம்ளரோடு உட்கார்ந்திருப்பேன். அது கோகம் என்ற சிவப்புப் புளிப்புப் பழத்தின் சர்பத் என்பது மாமனாரின் எண்ணம். "குடிமா, ஒடம்புக்கு நல்லது" என்று ஒருமுறை திட்டுக்கு நடுவில் எழுந்து வந்து சொல்லிவிட்டுப் போனார். நானும் குடித்தேன்.

"உண்மையைச் சொல்லிடலாங்க" என்று வருடத்துக்கு இரண்டு முறை கணவரிடம் சொல்வேன். "விடு" என்பார். நானும் பெரிய மனது பண்ணி விட்டுவிடுவேன்.

இந்த ஆடி மாதம் எங்கள் குடியிருப்பின் தண்ணீர்த் தொட்டியில் சாக்கடை கலந்தது. ஏழு மாடியும் ஒரே நேரத்தில் கழிவறையைத் தேடியது. எங்கள் வீட்டில் மூன்று பேரும் டாக்டரிடம் போய் வரிசையாக உட்கார்ந்தோம். மூவருக்கும் ஒரே மருந்து, மெட்ரோனிடசோல். ஒரு நாளைக்கு மூன்று வேளை, ஏழு நாள். டாக்டர் சீட்டை எழுதிவிட்டு, கண்ணாடியைக் கழற்றிவிட்டு, என் கணவரைப் பார்த்தார்.

"இந்த மாத்திரை சாப்பிடும்போது தாரு தொடக்கூடாது. கடைசி மாத்திரை முடிந்த பிறகும் மூன்று நாள் தொடக்கூடாது. தொட்டால் வாந்தி வரும், முகம் சிவந்து எரியும், நெஞ்சு படபடக்கும். புரிகிறதா?" என்று இந்தியில் கேட்டார். தாரு என்றால் மது. கணவர் புரிகிறது என்று தலையாட்டினார். டாக்டர் மாமனாரிடமும் அதையே சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, "வஹினி, இவர்கள் இரண்டு பேரையும் நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்" என்றார். வஹினி என்றால் அண்ணி. அந்த அறையில் எச்சரிக்கை தேவைப்பட்ட ஒரே ஆளைக் காவலுக்குப் போட்டுவிட்டு அவர் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

அந்த வாரம் வாயெல்லாம் பழைய சாவியைச் சப்பியது போல ஒரு ருசி. சனிக்கிழமை வந்தது. என் டம்ளரில் நிஜமான கோகம் சர்பத்தை ஊற்றிக்கொண்டு உட்கார்ந்தேன். அதை எப்படித்தான் குடிக்கிறார்களோ தெரியவில்லை. மாத்திரை ஞாயிறு ராத்திரி முடிகிறது. இந்த மூன்று நாள் கணக்கு, பிராந்தி, விஸ்கிக்கு மட்டுமா, ஒரு டம்ளர் ஒயினுக்கும் உண்டா என்று எனக்குச் சந்தேகம். இணையத்தில் தேடினால் ஒருவர் ஒன்றும் ஆகாது என்கிறார், இன்னொருவர் நேராக ஆம்புலன்ஸுக்கே போய்விடுகிறார். நான் டாக்டரைக் கேட்க முடியாது. ஞாயிறு காலையில் கணவரை நச்சரித்துக் கேட்கச் சொன்னேன்.

அவர் போன் போட்டு, "டாக்டர் சாப், ஒயினும் கூடாதா?" என்று கேட்டார்.

டாக்டர் கத்தியது எனக்கு இரண்டடி தள்ளிக் கேட்டது. ஒயின், பீர், எதுவும் கூடாது, சில இருமல் சிரப்பில்கூட ஆல்கஹால் இருக்கும், அதையும் பார்த்துக் குடி, ஒரு வாரம்கூட உன்னால் இருக்க முடியாதா என்று கேட்டார். கணவர் மன்னிப்புக் கேட்டு வைத்தார். டாக்டருக்கு மனசு ஆறவில்லை போலிருக்கிறது. ஐந்து நிமிடத்தில் மாமனாரின் போன் அடித்தது.

அன்றிலிருந்து வீட்டில் கெடுபிடி ஆரம்பித்தது. மாமனார் முதலில் இருமல் சிரப்பை எடுத்துப் பீரோவில் வைத்துப் பூட்டினார். பிறகு கை கழுவும் சானிடைசர் போனது. மகன் வெளியே போய் வந்தால் வாசலிலேயே, "டேய், வாய ஊது" என்றார். நாற்பத்து மூன்று வயது மனிதர் செருப்பைக் கழற்றாமல் நின்று ஊதினார். திங்கள் காலை அடுப்பங்கரைக்கு வந்து இட்லி மாவுப் பாத்திரத்தைத் திறந்து பார்த்தார்.

"இன்னாமா இது, பொங்கிகினு கீது?"

"இட்லி மாவு பொங்கத்தானுங்க மாமா செய்யும்."

"புளிச்சி பொங்கறதுல எல்லாம் கொஞ்சம் தாரு இருக்குமாம். போன்ல வீடியோ வந்துச்சி. அவனுக்கு வேணாம். நீ துன்னுமா, உனுக்கு இன்னா."

மூன்று நாள் என் கணவர் கோதுமை உப்புமா சாப்பிட்டார். நான் இட்லி சாப்பிட்டேன். குற்ற உணர்ச்சியோடுதான் சாப்பிட்டேன், ஆனால் ஆறு சாப்பிட்டேன்.

இதற்கிடையில் வியாழக்கிழமை அமாவாசை. எங்களுக்கு அது ஆடி அமாவாசை. மாமியார் இறந்து பத்து வருடம் ஆகிறது, அவருக்குப் படையல் போடுகிற நாள். கட்டடத்தில் இருந்த மற்றவர்களுக்கு அதே நாள் கடாரி அமாவாசை. மறுநாள் ஷ்ராவண மாதம் பிறந்துவிட்டால் ஒரு மாதம் கறியும் கிடையாது, குடியும் கிடையாது என்பதால், அதற்கு முன்பே வயிறு முட்டத் தீர்த்துக்கொள்கிற நாள். எல்லா வீட்டிலும் அதே டாக்டர், அதே மாத்திரை. தொட்டியைக் கழுவச் சொல்லி நாங்கள் ஆறு மாதம் எழுதியும் பதில் போடாத குடியிருப்புச் செயலாளர், மூன்று நாள் கணக்கை மணி, நிமிடத்தோடு போட்டு, வியாழன் மதியம் மொட்டை மாடியில் கூடலாம் என்று வாட்ஸ்அப் குழுவில் அறிவித்தார். என் கணவருக்குத் தனி அழைப்பும் வந்தது. இந்த விஷயத்தில் அவர்தான் மூத்தவர் என்று செயலாளரின் எண்ணம்.

அந்த அழைப்பை மாமனார் பார்த்துவிட்டார். புதன்கிழமை என்னைக் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னார். "நாளிக்கி அவங்க அம்மா போட்டோ முன்னால கற்பூரம் அடிச்சி சத்தியம் பண்ண வெக்கப் போறேன். எனுக்கு எழுபத்து நாலு ஆவுது. எந்தம்பிக்கு கொள்ளி வெச்சவன் நான். எம்பையனையும் அப்டி பாக்க முடியாதுமா." அவர் கண் கலங்கியிருந்தது.

கணவரிடம் சொன்னேன். அவர் அலட்டிக்கொள்ளவே இல்லை. "குடிக்கவே மாட்டேன். குடிக்க மாட்டேன்னு சத்தியம் பண்றதுல என்ன பொய் இருக்கு?"

"அப்போ இத்தனை நாள் குடிச்சதா ஆயிடுமே. உங்க அம்மா முன்னாடி."

"அம்மாவுக்குத் தெரியும். விடு."

இந்த முறை என்னால் விட முடியவில்லை. ஆனால் சொல்லவும் தைரியம் வரவில்லை. சொன்னால் அந்த மனிதர் என்னை என்னவென்று நினைப்பார் என்பதையே யோசித்துக்கொண்டு வடைக்கு ஊறப்போட்டேன்.

வியாழன் மதியம் படையல் போட்டாயிற்று. பால்கனிச் சுவரில் காக்கைக்குச் சோறு வைத்தோம். காக்கை வரவில்லை, புறாக்கள் வந்து இறைத்தன. மாடியிலிருந்து பாட்டுச் சத்தமும் கோழி வாசனையும் இறங்கி வந்தன. மாமனார் தட்டில் கற்பூரத்தை ஏற்றி மகன் முன்னால் நீட்டினார்.

"சொல்லு. இத்தினி வருஷம் குடிச்சி உங்களயெல்லாம் கஷ்டப்படுத்துனேன், இனிமே தொட மாட்டேன்னு அம்மாகிட்ட சொல்லு."

கணவர் கையைத் தூக்கினார். முகத்தில் ஒரு வருத்தமும் இல்லை. அதைப் பார்த்ததும்தான் எனக்கு ஆத்திரம் வந்தது, அவர் மேலா என் மேலா என்று இன்றுவரை தெரியவில்லை.

"மாமா, குடிக்கிறது நானுங்க" என்றேன்.

மாமனார் என்னைப் பார்த்தார். பாட்டுச் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லையோ என்று நினைத்துத் திரும்பவும் சொன்னேன். "சனிக்கிழமை ஒரு டம்ளர் ஒயினுங்க. எனக்குத்தான் அவர் வாங்கிட்டு வர்றாரு. அவர் ஒரு நாளும் தொட்டதில்லைங்க."

அவர் தட்டைக் கீழே வைத்தார். கற்பூரம் அது பாட்டுக்கு எரிந்தது. என்னை ஏதாவது கேட்பார் என்று நின்றேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

"எட்டு வருஷம்டா," என்றார் மகனிடம். "நாய் மாதிரி திட்டனேன். இன்னாத்துக்குடா வாங்கிகினு குந்திகினு இருந்த?"

கணவர் குனிந்து கற்பூரத் தட்டை ஓரமாக நகர்த்தினார். பிறகு சொன்னார்.

"அம்மா போனதுக்கப்புறம், திட்டும்போது மட்டுந்தான்பா நீ என்கிட்ட பேசற."

மூன்று பேரும் உட்கார்ந்து படையல் சோற்றைச் சாப்பிட்டோம். மாமனார் வடையைப் பிட்டுப் பிட்டு வைத்தாரே ஒழிய வாயில் போடவில்லை. எழுந்து போகும்போது மட்டும் என்னிடம், "உனுக்கு மாத்திர முடிஞ்சி மூணு நாள் ஆயிடுச்சாமா?" என்று கேட்டார். ஆயிடுச்சுங்க என்றேன். சரி என்று போய்விட்டார்.

சனிக்கிழமை ஏழு மணிக்கு அவர் வழக்கம்போல நாற்காலியைக் கொண்டுவந்து மகனுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார். திட்டுவதற்கு ஒன்றும் இல்லை. மின்விசிறி சுற்றியது. தொண்டையைக் கனைத்தார், முழங்காலைத் தடவினார், இரண்டு முறை எழுந்திருக்கப் பார்த்தார். நான் அடுப்பங்கரையில் காலி டம்ளரைப் பிடித்துக்கொண்டு, வெளியே வரப் பயந்து நின்றேன்.

"கேன்டீன்ல இன்னிக்கி இன்னாடா போட்டான்?" என்று கேட்டார்.

"மட்கி உசள்பா," என்றார் கணவர். மட்கி உசள் என்றால் நரிப்பயறுக் குழம்பு. அதைப் பற்றி இரண்டு பேரும் ஒன்பது மணி வரை பேசினார்கள்.