மதினி அடுக்கிய வாசனை

அச்சங்குளத்தில் நான் ஆள் ஏற்றிப்போன பட்டாசு ஆலையின் வாசலில், வாட்ச்மேன் அறைக்குள் ஒரு மரத்தட்டு இருந்தது. வேலைக்கு வரும் பெண்கள் செல்போன்களை அதில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். வரிசையாகக் கிடக்கும் போன்களுக்கு நடுவில் தினமும் ஜிப் வைத்த ஒரு சின்னப் பை உட்கார்ந்திருக்கும். அதற்குள் ஐந்து சென்ட் பாட்டில்களும் ஒரு பவுடர் டப்பாவும். பட்டாசுக்குள் போகிற பொடியை எங்கள் பக்கம் மருந்து என்போம். மருந்து புழங்கும் இடத்துக்குள் ஸ்பிரேயைக் கொண்டுபோவது கொள்ளிக்கட்டையால் தலையைச் சொறிகிற கதைதான். அதனால் பகல் முழுக்கப் பை வாசலிலேயே இருக்கும். சாயங்காலம் வேலை முடிந்ததும் முதல் ஆளாக வந்து அதை எடுத்துக்கொண்டு என் வேனில் ஏறுபவர் மதினி.

எனக்கு அவர் சொந்த மதினி அல்ல. பெரியப்பா வழியில் எங்கோ சுற்றி வளைத்து வரும் முறை. ஆமத்தூரிலிருந்து பதினான்கு பெண்களை ஏற்றிப்போய் இறக்குவது என் வேலை. என் மனைவியும் அவர்களில் ஒருத்தி. ஆலையில் மதினிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வேலை, வேனிலும் மதினிக்குப் பக்கத்து சீட்.

வேன் கிளம்பியதும் மதினியின் வேலை ஆரம்பமாகும். முதலில் சந்தனப் பவுடரைக் கழுத்தில் ஒற்றிக்கொள்வார். மணிக்கட்டில் மரிக்கொழுந்து அத்தர் ஒரே ஒரு சொட்டு. பிறகு ஒரு மைல் தூரம் கையை ஜன்னலோரம் வைத்துச் சும்மா இருப்பார். கடைசியில் எலுமிச்சை ஸ்பிரேயைத் தள்ளிப் பிடித்து ஒரு அழுத்து. அவ்வளவுதான், சந்தனமும் இல்லை, அத்தரும் இல்லை, எலுமிச்சையும் இல்லை, நான்காவதாக ஒன்று வேனுக்குள் வந்துவிடும். அதற்குப் பெயர் வைப்பது மற்றப் பெண்களின் பாடு. "கல்யாண வீட்டுப் பந்தல்" என்பாள் ஒருத்தி. மறுநாள் அதே அத்தரின்மேல் ரோஜா ஏறினால் பாயாசம் என்பாள் இன்னொருத்தி. ஒருநாள் யாரோ புதுப் பாடப்புத்தகம் என்று சொல்ல, ஆமாம் ஆமாம் என்று மொத்த வேனும் முகர்ந்து முகர்ந்து சிரித்தது. எனக்கு வந்தது தும்மல் மட்டும்தான். இது வேனா ஃபேன்சி ஸ்டோரா என்று கண்ணாடி வழியாக முறைப்பேன். "ஓசியில மணக்குறீகல்ல கொழுந்தனாரே, பேசாம வண்டிய ஓட்டுங்க" என்பார் மதினி.

மருந்து வாடையை அமுக்கத்தான் இவ்வளவு பாடு என்று நான் நினைத்திருந்தேன். அந்த வாடை பட்டாசு வேலைக்குப் போகிற வீடுகளுக்குத் தெரியும். குளித்தாலும் தலைமுடியில் தங்கிவிடும். என் மனைவிக்கு அதில் ஏக வெட்கம். விசேஷ வீடுகளில் யாரும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் கொஞ்சம் நகர்ந்துகொள்வாள். புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒரு பெண் வேனில் ஸ்பிரேயைக் குளிப்பது போல அடித்துக்கொண்டபோதுதான் மதினி தன் கணக்கைச் சொன்னார். "ஒண்ண அமுக்க இன்னொண்ணப் போட்டா ரெண்டுக்கும் சண்டைதான் வரும். அடியில இருக்கத ஒத்துக்கிட்டு மேல போடணும்." நான் அதைக் காதில் வாங்கி, கியரை மாற்றி, மறந்தும் போனேன்.

என் மகளுக்கு ஒன்பது மாதம் ஆகியிருந்தபோது என் மனைவிக்கு வயிற்றுவலி வந்து, மதுரையில் குடல்வால் ஆபரேஷன் ஆயிற்று. உள்ளே சீழ் கோத்திருந்ததால் பன்னிரண்டு நாள் படுக்கை. மாமியார் அங்கே துணைக்கு இருந்தார். பிள்ளையை நானும் அடுத்த வீட்டில் இருக்கும் என் அக்காவும் பார்த்துக்கொண்டோம். பகலில் எப்போதும் அக்காதான் பார்ப்பாள், அதனால் சமாளித்துவிடலாம் என்று நினைத்தோம். முதல் நாள் போயிற்று. இரண்டாம் நாள் சாயங்காலம், அம்மா வருகிற நேரத்துக்கு அம்மா வராததும், பிள்ளை வாயை மூடிக்கொண்டாள். பாட்டிலைத் தட்டிவிட்டாள். ஸ்பூனில் கொடுத்த கூழைத் துப்பினாள். அழுது அழுது தொண்டை கட்டி, அழுகை வெறும் காற்றாக வந்தது. மூன்றாம் நாள் டாக்டர் பார்த்துவிட்டு, நாளை சாயங்காலத்துக்குள் குடிக்காவிட்டால் சேர்த்து டிரிப்ஸ் ஏற்ற வேண்டும் என்றார். அந்தச் சின்னக் கையில் ஊசி எங்கே இறங்கும் என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

அம்மா சேலையில் சுற்றிப் படுக்கவைத்தால் அடங்கும் என்று யாரோ சொன்னார்கள். அதற்கும் வழியில்லை. நோய் நொடி அண்டக் கூடாதென்று அக்கா முதல் நாளே என் மனைவியின் சேலை, தலையணை உறை, போர்வை எல்லாவற்றையும் டெட்டாலில் அலசி வெயிலில் போட்டிருந்தாள். நல்லதுக்குத்தான் செய்தாள். ஆனால் வீட்டுக்குள் என் மனைவி இருந்த தடமே இல்லாமல் போயிருந்தது.

அன்று வேனில் என் முகத்தைப் பார்த்து மதினி விஷயத்தைக் கேட்டார். பிறகு, உங்கள் வீட்டுக்காரி வேலை விட்டு வந்ததும் என்ன சோப்பு போடுவாள், என்ன எண்ணெய் என்று விசாரித்தார். எனக்குத் தெரியவில்லை. தைலம் தேய்ப்பாளே, கழுத்திலா நெற்றியிலா என்றார். அதுவும் தெரியவில்லை. மூன்று வருஷம் ஒரே வீட்டில் குடித்தனம் நடத்திய எனக்குத் தெரியாததெல்லாம், பக்கத்து சீட்டில் உட்கார்ந்த மதினிக்கு முக்கால்வாசி தெரிந்திருந்தது.

அவர் தன் வீட்டுக்குப் போய், தலைமுதல் கால்வரை தேய்த்துக் குளித்து, துவைத்த சேலை கட்டிக்கொண்டு வந்தார். எங்கள் பக்கம் ஆலைக்குப் போய் வந்தவர்கள் பிறத்தியார் பிள்ளையைத் தூக்குவதற்குமுன் செய்வது அது. என் மனைவியின் சோப்பால் முகம் கழுவி, அவள் பவுடரை ஒற்றி, வெந்தயம் போட்டுக் காய்ச்சிய அவள் எண்ணெயை வகிட்டில் தடவி, பின்கழுத்தில் தைலம் தேய்த்து, பிச்சிப்பூ வைத்துக்கொண்டார். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே வேனில் போலவே காத்திருந்தார். பிள்ளையை வாங்கித் தோளில் போட்டதும் அழுகை நின்றது. மூக்கைக் கழுத்தில் வைத்து முகர்ந்தாள். வாயைத் திறந்தாள். அடுத்த நொடி வில்லாக வளைந்து, முன்னைவிட மோசமாக வீறிட்டாள்.

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். மதினி மட்டும் அசையாமல் தன் முழங்கையிலிருந்து விரல்வரை முகர்ந்து பார்த்தார். "அடி இல்லாம மேல மட்டும் அடுக்கிட்டேன். குளிச்சது தப்பு கொழுந்தனாரே" என்றார்.

எனக்குப் பிடிபடவே நேரமாயிற்று. விவரம் தெரிந்த நாள்முதல், வேலை முடிந்து வரும் அம்மாவின் மடியில் படுத்த பிள்ளை அது. மருந்து வாடையை ஒரு குறை என்று அதற்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

மறுநாள் வேனிலிருந்து இறங்கிய மதினி நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார். சேலையை மாற்றி, கை கால் முகம் மட்டும் நன்றாகக் கழுவிக்கொண்டார். என் மனைவி செய்வது அவ்வளவுதானாம். தலைக்குத் தண்ணீர் ஊற்றவில்லை, வேலை செய்யும்போது முடியை மூடிக் கட்டுகிற துணியை வகிடு தெரியும் அளவுக்குப் பின்னே தள்ளி அப்படியே விட்டுவிட்டார். அதன்மேல் நேற்று போட்டதையெல்லாம் அதே வரிசையில் போட்டார். நான் நின்றிருந்த இடத்துக்கு அந்த வாசனை வந்தது. கண்ணை மூடியிருந்தால் என் மனைவி வந்துவிட்டாள் என்று சத்தியம் செய்திருப்பேன். பிள்ளை முகர்ந்தாள், ஒரு பெருமூச்சு விட்டாள், பாட்டிலைப் பிடித்துக்கொண்டு முழுவதும் குடித்தாள். நான் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று அழுதேன். வேனில் தும்மிய மூக்கு இது, இதற்கு என்ன தெரிந்திருந்தது?

ஒன்பது நாள் மதினி அப்படியே வந்தார். இப்போது என் மகள் ஒன்றாம் வகுப்புப் போகிறாள். அந்த நாட்கள் அவள் நினைவில் இருக்க வழியில்லை. எனக்கோ மறக்க முடியாதது கடைசி நாள்.

அன்று சாயங்காலம் மாமியாரும் மனைவியும் மதுரையிலிருந்து காரில் வந்து இறங்கினார்கள். பிள்ளை மதினியின் இடுப்பில் இருந்தாள். என் மனைவி கையை நீட்டினாள். அவள்மேல் ஆஸ்பத்திரி வாடை. பிள்ளை ஒருமுறை பார்த்தாள். பிறகு முகத்தைத் திருப்பி மதினியின் கழுத்தில் புதைத்துக்கொண்டாள். என் மனைவி நீட்டிய கையோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "எம்பிள்ளைக்கு என்னையத் தெரியல" என்றாள். பொய் சொல்ல மாட்டேன், ஒரு கணம் எனக்கு மதினிமேல் கோபம் வந்தது.

மதினி கதறுகிற பிள்ளையை அக்காவிடம் கொடுத்தார். தன் தலைத்துணியை அவிழ்த்தார். என் மனைவியின் பின்னால் போய் உட்கார்ந்து, அவள் கூந்தலை அள்ளி முடிந்து, அந்தத் துணியை வகிடு தெரிய அவள் தலையில் கட்டினார். வகிட்டில் எண்ணெய், கழுத்தில் பவுடர், பின்கழுத்தில் தைலம். தன் தலையிலிருந்த பிச்சிப்பூவை எடுத்து அவளுக்கு வைத்தார். அவசரமே படவில்லை. எல்லாம் ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்தபிறகு எழுந்து, பின்வாசல் குழாயடிக்குப் போய், கட்டிய சேலையோடு தலையில் தண்ணீரை ஊற்றிக்கொள்ள ஆரம்பித்தார்.

அக்கா பிள்ளையை மடியில் விட்டாள். பிள்ளை கூந்தலை முகர்ந்தாள், கழுத்தை முகர்ந்தாள். பிறகு ரவிக்கையைப் பிடித்து இழுத்து வாயைத் திறந்தாள். என் மனைவி அழுதுகொண்டே பின்வாசல் பக்கம் மதினியைப் பார்த்துக் கேட்டாள்: "எம்மேல இம்புட்டு வாசமாக்கா இருந்துச்சு?"

மதினி தலை முழுக்கச் சோப்பு நுரையோடு கண்ணை மூடியபடி நின்றிருந்தார். நான் நின்ற பக்கம் கையை அசைத்தார்.

"காத்து எம்பக்கமிருந்து பிள்ள பக்கம் அடிக்கிது கொழுந்தனாரே. கதவச் சாத்துங்க."

சாத்தினேன்.